தோட்டாவின் குறிலும் நெடிலும்

தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்குத் தோட்டாவோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நேரடி உறவு ஏதுமில்லை. கொலராடோவில் அக்கா வீட்டில் ஒரு கோடை விடுமுறையைக் கழித்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டறிந்தவையே இவை. தம் வேட்டைத் துப்பாக்கிக்கான தோட்டாக்களைத் தாமே செய்துகொள்பவர் அவர். சுட்டு முடித்த பித்தளை உறையை வீசியெறியாமல் துலக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துவது அமெரிக்காவில் பரவலான பொழுதுபோக்கு.

தோட்டாவின் அடியில், நடுவே பொட்டு வைத்தாற்போல் ஒரு சிறு உலோகக் கிண்ணம் பதிந்திருக்கும். அதுவே பிரைமர். துப்பாக்கியின் ஊசி தாக்கியதும் அதனுள் இருக்கும் கலவை வெடித்து, ஒரு துளை வழியே தீயை உள்ளே அனுப்பும். அத்தீயில் மருந்து பற்றும். தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கியில் சுருள் கேப் வெடித்தவர்களுக்கு இதன் தத்துவம் விளங்கும். அடித்தால் பற்றும் இம்முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் ஃபோர்சித், ஸ்காட்லாந்தின் ஒரு சிற்றூர்ப் பாதிரியார். பழைய துப்பாக்கியில் வெளியே தெறிக்கும் பொறியைக் கண்டு, குண்டு வந்து சேருமுன் பறவைகள் தப்பிவிடுகின்றன என்பதே அவருடைய மனக்குறையாக இருந்தது.

ரைஃபிள் பிரைமரில் இரண்டு அளவுகள் வழக்கில் உள்ளன. சிறியதன் விட்டம் ஏறத்தாழ 4.45 மில்லிமீட்டர், பெரியதன் விட்டம் 5.33. வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. .223 தோட்டா கொள்ளும் மருந்து சுமார் 1.6 கிராம், அதற்குச் சிறியது போதும். .308 ஏறத்தாழ அதைப் போல் இருமடங்கு கொள்ளும். அதற்கு மரபாகப் பெரியது. உண்மையில் இங்கே தேர்வு என்பது பிரைமரை வாங்கும்போது நிகழ்வதில்லை. உறையின் அடியில் உள்ள குழி எந்த அளவோ, அந்த அளவுதான் பொருந்தும். உறையைத் தேர்ந்த அன்றே பிரைமரையும் தேர்ந்தாகிவிட்டது.

குறிலின் இடத்தில் நெடில் வந்தால் செய்யுளில் தளை தட்டும். ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவதோடு முடிந்துவிடும். இங்கே அப்படியன்று. கைத்துப்பாக்கிக்கான சிறிய பிரைமரும் ரைஃபிளுக்கான சிறிய பிரைமரும் வடிவில் ஒன்றுபோலவே இருப்பவை. ஆனால் முன்னதன் உலோகம் மெல்லியது. அதை ரைஃபிளில் இட்டால், உயர் அழுத்தத்தில் அது துளைபட்டு, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பக்கூடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கண்ணையே கேட்கும்.

அண்மைக் காலத்தில் பெரிய குழிக்குப் பழகிய சில தோட்டாக்களுக்கும் சிறிய குழி கொண்ட உறைகள் வந்துவிட்டன. .308, 2007இல் அறிமுகமான 6.5 கிரீட்மூர் ஆகிய இரண்டுக்கும் இன்று இருவகை உறைகளும் கிடைக்கின்றன. குழி சிறிதானால் அதைச் சுற்றிப் பித்தளை மிகும். உறை நெடுநாள் உழைக்கும். குண்டின் வேகமும் சீராக அமைகிறது என்று போட்டிகளில் சுடுவோர் பலர் அதை விரும்புகிறார்கள். பெரியவரும் அவ்வகை உறைக்கு மாறியிருந்தார். கோடையில் காகித இலக்கில் அவர் சுட்ட துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறார்.

பிறகு நவம்பர் வந்தது. எல்க் என்னும் பெருமான் வேட்டைக்குரிய பருவம். பனி உறைந்த ஒரு விடியலில் அவர் விசையை இழுத்தார். டிக்கென்று ஒரு சத்தம். ஒரு கணம் கழித்தே வெடி. கடுங்குளிரில் சிறிய பிரைமரின் தீ அவ்வளவு மருந்தைப் பற்றவைக்கத் தயங்கியிருக்கிறது. அந்த ஒரு கணத்தில் மான் அடியெடுத்து வைத்துவிட்டது. நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் பட்டது. இருட்டும் வரை இரத்தத் தடத்தைத் தொடர்ந்தும் மான் கிடைக்கவில்லை. "அது எங்கே போய்ச் செத்தது என்று எனக்குத் தெரியாது" என்றார். அந்த வாக்கியத்தை அவர் முடித்த பிறகு நாங்கள் சற்று நேரம் பேசவில்லை.

அதன்பின் வேட்டைக்குப் பெரிய குழி உறைகளையே அவர் வைத்துக்கொள்கிறார். 2020இல் பெருந்தொற்று தொடங்கியபின் கடைகளில் பிரைமர் கிடைப்பது அரிதாயிற்று. பெரிய ரைஃபிள் பிரைமர் கிட்டாத ஓராண்டு, கையில் சிறியவை நிறைய இருந்தும், அவர் வேட்டைக்கே போகவில்லையாம்.

வேட்டையை நான் ஏற்பவனல்லன். உண்பதற்கென்றே கொல்கிறேன் என்று அவர் சொன்னதும் என் மனத்தை மாற்றவில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. உயிரைக் கொல்லும் உரிமை தமக்கு உண்டு என்று நம்பும் ஒருவர், அதைத் துன்புறுத்தும் உரிமை தமக்கு இல்லை என்பதிலும் அதே உறுதியோடு இருக்கிறார். அந்த எல்லையை அவர் வகுத்துக்கொண்டது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில். சந்தையில் தொங்கும் இறைச்சியை எடை மட்டும் பார்த்து வாங்கும் நாம், அத்தகைய எல்லை எதையும் வகுத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.