முகவரி மாறும் இல்லம்

இராணுவக் குடும்பங்களின் வீட்டுப் பெட்டிகளில் எழுத்துகள் இருக்கும். கறுப்பு வண்ணம் பூசிய தகரப் பெட்டியின்மேல், வீரரின் படையெண், பதவி, பெயர், சென்று சேர வேண்டிய ஊர் ஆகியவை வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். பணிமாற்றம் வரும்போது ஊரின் பெயர் மட்டும் அழிக்கப்படும். அவ்விடத்தில் புதிய ஊரின் பெயர் ஏறும். பல ஆண்டுகள் பணியாற்றியவரின் பெட்டியை உற்றுநோக்கினால், வண்ணத்தின் அடியில் பழைய ஊர்களின் பெயர்கள் மங்கலாகத் தெரியும்.

இந்திய இராணுவத்தில் ஒரு வீரர் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறுகிறார். பணியிடங்கள் இருவகைப்படும். குடும்பத்துடன் தங்க இசைவுள்ள ஊர்களை அமைதிப் பணியிடங்கள் என்பர். எல்லைப் பகுதி, பனிமலை போன்று குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாத இடங்களைக் களப் பணியிடங்கள் என்பர். இவை மாறி மாறி வரும். இம்மாற்றங்களை ஏற்பதற்கு வீரர் பயிற்சி பெற்றிருக்கிறார். அவருடைய மனைவிக்கோ அத்தகைய பயிற்சி எதுவும் அளிக்கப்படுவதில்லை. கணவருடன் முதன்முறையாகத் தொடர்வண்டியில் ஏறும் நாளே அவருக்குப் பயிற்சியின் முதல் நாள்.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாகப் படைவீரர்களை அனுப்பிவரும் ஊராக அறியப்பட்டது. அம்மாவட்டத்தின் பிற சிற்றூர்களிலும் படைவீரருக்குப் பெண் கொடுப்பது புதிதன்று. அத்தகைய சிற்றூர் ஒன்றில் பிறந்து, கணிதத்தில் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்று, தனியார் பள்ளி ஒன்றில் கற்பித்து வந்த பெண் ஒருவர், நாயக் பதவியிலிருந்த வீரரை மணந்தார். மகனுக்கு ஐந்து வயது நிறைந்தபோது, கணவருக்கு அரியானா மாநிலத்தின் அம்பாலாவுக்குப் பணிமாற்றம் வந்தது. இம்முறை குடும்பத்தையும் அழைத்துச் செல்லலாம் என்றனர்.

சென்னையிலிருந்து தில்லிக்குத் தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே மேலும் 200 கிலோமீட்டர் அளவு சென்றால் அம்பாலா. 1843இல் ஆங்கிலேயர் அங்குப் பாசறை நகர் ஒன்றை அமைத்தனர். இன்றும் தரைப்படையும் வான்படையும் அங்கு நிலைகொண்டுள்ளன. அறிவியல் ஆய்வகக் கருவிகள் செய்வதற்கும் துணிக் கடைகளுக்கும் அந்நகரம் பெயர் பெற்றது. இவற்றையெல்லாம் அவர் பின்னர் அறிந்துகொண்டார். வண்டியிலிருந்து இறங்கிய அன்று அவர் கண்டது, தாம் படிக்கத் தெரியாத எழுத்துகளில் பெயர்ப்பலகைகள் நிறைந்த ஒரு தெருவை மட்டுமே.

வந்தவுடன் அரசுக் குடியிருப்பு கிடைத்துவிடாது. விண்ணப்பித்தோர் பட்டியலில் முறை வரும்வரை வெளியில் வாடகைக்கு இருக்க வேண்டும். ஐந்து மாதங்களுக்குப்பின் அவர்களுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. அதில் நுழைவதற்கும் ஒரு முறைமை உண்டு. அதனை 'மார்ச்சிங் இன்' என்பர். பொறுப்பாளர் ஒருவர் தாளுடன் வந்து, மின்விசிறி எத்தனை, கட்டில் எத்தனை, தாழ்ப்பாள் எத்தனை, கண்ணாடி உடையாத சன்னல் எத்தனை என எண்ணி ஒப்படைப்பார். வீட்டைக் காலி செய்யும் நாளில் அதே பட்டியலின்படி எண்ணித் திரும்பப் பெறுவார். பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ தாழ்ப்பாள்களை யாரும் எண்ணியதில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கையெடுத்தபோது கணவர் தடுத்தார். "வேணாம்மா. போறப்ப அந்த ஓட்டையையும் நாமதான் அடைச்சுக் குடுக்கணும்" என்றார்.

ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்காட்டியை அவர் சன்னல் கம்பியில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார்.

அடுத்து அவரைச் சோதித்தவை எண்கள். கணக்கு கற்பித்தவருக்குக் காய்கறிக் கடையில் கணக்குப் புரியவில்லை. தமிழில் முப்பது தெரிந்தவர் முப்பத்தொன்பதைத் தாமே சொல்லிவிடலாம். இந்தியில் நூறு வரையுள்ள எண்கள் பலவும் உருத்திரிந்து நிற்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே மனத்தில் இருத்த வேண்டியுள்ளது. முப்பத்தொன்பது 'உன்தாலீஸ்', நாற்பத்தொன்பது 'உன்சாஸ்'. வேகமாகச் சொல்லும் கடைக்காரரிடம் அவர் பெரிய நோட்டை நீட்டி, கொடுத்த சில்லறையை வாங்கிக்கொண்டு திரும்பினார். இரண்டு வாரம் இவ்வாறு கழிந்தபின், ஓர் எண்சுவடியைத் தாமே எழுதித் தொகுத்தார். பத்தொன்பது, இருபத்தொன்பது, முப்பத்தொன்பது ஆகியவை 'உன்' என்னும் ஒலியோடு தொடங்குவதையும், அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்பதே அதன் பொருள் என்பதையும் கண்டுகொண்டார். நூறுக்கு முந்தைய தொண்ணூறும், ஆயிரத்துக்கு முந்தைய தொள்ளாயிரமும் அவர் நினைவுக்கு வந்தன. அன்றுமுதல் அம்மொழி அவருக்கு அச்சம் தரவில்லை. சில்லறையையும் எண்ணிப் பார்த்தே வாங்கினார்.

டிசம்பர் மாதத்தில் அம்பாலா மூடுபனியில் மறைந்துவிடும். அக்குளிரில் இட்லி மாவு புளிக்கவில்லை. இரண்டு நாள் வைத்தும் அரைத்த மாவு அரைத்தபடியே இருந்தது. மூன்றாம் நாள் அதனைத் தோசையாக வார்த்தபோது, அது கல்லிலிருந்து எழ மறுத்தது. எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி இதைப் பார்த்துச் சிரித்தார். தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று, பஞ்சு அடைத்த ரஜாய்ப் போர்வையை விலக்கிக் காட்டினார். உள்ளே தயிருக்கு உறை ஊற்றிய பாத்திரம் குழந்தையைப்போல் உறங்கிக்கொண்டிருந்தது. அவ்வாறே இட்லி மாவையும் போர்த்தி வைத்தனர். மறுநாள் காலையில் மாவு பொங்கியிருந்தது. முதல் ஈடு இட்லி எதிர்வீட்டிற்குச் சென்றது; அத்தட்டு கடுகுக்கீரை மசியலோடு திரும்பி வந்தது. அக்குடியிருப்பின் வரிசையில் கார்வால் மலைநாட்டினர், அசாமியர், மராட்டியர், மலையாளிகள் எனப் பலர் இருந்தனர். அனைவரும் ஒருவரையொருவர் 'தீதி' என்றே அழைத்தனர். அக்காள் என்பது அதன் பொருள். உறவினர் எவரும் இல்லாத ஊரில் அவருக்கு ஒரே மாதத்தில் ஏழு அக்காள்கள் கிடைத்தனர்.

மகன் கேந்திரிய வித்யாலயாவில் சேர்ந்தான். அடிக்கடி இடம் மாறும் நடுவண் அரசு ஊழியர், படைவீரர் ஆகியோரின் பிள்ளைகள், எந்த ஊருக்குச் சென்றாலும் ஒரே பாடத்திட்டத்தில் படிப்பைத் தொடர வேண்டும் என்பதற்காக 1963இல் 'மையப் பள்ளிகள்' என்னும் பெயரில் தொடங்கப்பெற்றவை அப்பள்ளிகள். பிள்ளைக்குக் கிடைத்த இந்தத் தொடர்ச்சி தாய்க்குக் கிடைக்கவில்லை. தம் பட்டங்களுடன் சில பள்ளிகளுக்குச் சென்றார். கணவருக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் இங்கே பணி என்பதே எல்லா இடத்திலும் முதல் கேள்வியாக இருந்தது. உண்மையைச் சொன்னார், வேலை கிடைக்கவில்லை. ஓர் ஊரில் சேர்த்த பணிமூப்பு அடுத்த ஊருக்கு உடன்வருவதில்லை. மாலை வேளைகளில் அக்குடியிருப்புப் பிள்ளைகள் எட்டுப் பேருக்குக் கணக்குச் சொல்லித் தரத் தொடங்கினார். சிறு தொகை கிடைத்தது. ஆசிரியர் என்று ஒருவர் அழைக்கக் கேட்பதும் கிடைத்தது.

ஓராண்டுக்குள் மகன் கனவில்கூட இந்தியிலேயே பேசினான். தமிழைப் பேசினான், ஆனால் படிக்கவில்லை. "ஆயாகிட்ட போன்லதான் பேசறேனே, எழுதி என்னம்மா பண்றது?" என்று கேட்டான். பள்ளியில் தமிழ்ப்பாடம் இல்லை. விளையாடும் தோழர் எவருக்கும் தமிழ் தெரியாது. அவன் கேள்வியில் நியாயம் இருந்ததால் தாயிடம் உடனடி விடை இல்லை. ஆயினும் நாட்காட்டியில் அன்றாடம் கிழித்த தாளின் பின்புறத்தில் நாளுக்கு ஓர் எழுத்து எழுதச் செய்தார். அவனும் மருந்து குடிப்பதுபோல் எழுதி வந்தான்.

அம்பாலாவுக்கு வந்த மூன்றாம் ஆண்டு அக்டோபரில், கணவருக்குக் களப் பணிக்கான ஆணை வந்தது. இருபது நாள்களில் புறப்பட வேண்டும். எங்கே என்பதை அவர் சொல்லவில்லை, மனைவியும் கேட்கவில்லை. குடும்பம் எங்கே இருப்பது என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி. வீரர் களத்திற்குச் சென்றபின் தனித்திருக்கும் குடும்பங்களுக்கெனக் குடியிருப்புகள் உண்டு. விரும்பினால் விண்ணப்பித்து அங்கேயே தங்கலாம். அல்லது ஊர் திரும்பலாம்.

மாமியார் தொலைபேசியில் அழைத்தார். "ஆம்பள இல்லாத வீட்டுல அந்தக் குளிர்ல எதுக்கும்மா ஒண்டியா கெடக்கணும்? புள்ளைய இட்டுக்கினு வந்துடு" என்றார். அக்குரலில் அதிகாரம் இல்லை; முதுமையின் தனிமை இருந்தது. முழங்கால் வலியால் அவர் கிணற்றடிக்குச் செல்லவும் சிரமப்பட்டார். ஊருக்குச் சென்றால் மாமியாருக்குத் துணையாகும், மகனுக்குத் தமிழ் வரும், பழைய பள்ளியில் மீண்டும் வேலையும் கிடைக்கக்கூடும். தங்கினால் மகனின் கல்வியாண்டு முறியாது. அதனினும் முதன்மையாக, இராணுவ மருத்துவமனை அருகிலேயே இருக்கும். மகனுக்குக் குளிர்காலத்தில் மூச்சிரைப்பு வருவதுண்டு. கணவர், "நீ எது சொல்றியோ அது" என்றார். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சொல்லன்று அது. இனி அன்றாடம் முடிவெடுக்கப் போகிறவர் அவரே என்பதை ஏற்றுக்கொண்ட சொல்.

மூன்று நாள் எண்ணிப் பார்த்தபின் அவர் முடிவைச் சொன்னார். கல்வியாண்டு முடியும்வரை அம்பாலாவில் இருப்பது. கோடை விடுமுறையில் ஊர் சென்று, மாமியாரின் உடல்நிலையைக் கண்டபின் மறுபடி எண்ணுவது. "அத்தை, மே மாசம் வந்துடுவோம். உங்க முட்டிக்கு அப்ப வேலூர்ல காட்டலாம்" என்றார். மறுமுனையில் சிறிதுநேரம் பேச்சில்லை. பின், "பனியில புள்ளைய வெளிய விடாத" என்று மட்டும் மாமியார் சொன்னார்.

கணவர் சென்றபின் எரிவாயு பதிவு, வங்கி, பள்ளிக் கட்டணம், நீர்க்குழாய் பழுது ஆகிய யாவும் அவர் கைக்கு வந்தன. இவை கடினமானவை அல்ல. கடினமானது தொலைபேசியின் மௌனம். சில வாரங்களில் நாள்தோறும் அழைப்பு வரும். சில நேரம் பத்து நாள் வராது. இணைப்பு இல்லாத உயரத்தில் இருக்கலாம் என்று அறிவு சொல்லும். மனம் வேறு சொல்லும். அந்நாள்களில் தொலைக்காட்சிச் செய்திகளை நிறுத்திவைத்தார். பக்கத்து வீட்டுத் தீதிகள் எவரும், "அழைப்பு வந்ததா?" என்று கேட்பதில்லை. "தேநீர் போட்டிருக்கிறேன், வா" என்பர். கேட்கக் கூடாத கேள்வி எது என்பதை அவர்கள் தத்தம் வீட்டில் கற்றிருந்தனர். சனவரி மாத இரவொன்றில் மகனுக்கு மூச்சிரைத்தபோது, கார்வால் பெண்மணி தம் பிள்ளைகளைப் பஞ்சாபி வீட்டில் விட்டுவிட்டு மருத்துவமனைக்கு உடன்வந்தார். விடியும்வரை அங்கேயே அமர்ந்திருந்தார். திரும்பும்போது நன்றி கூற வாயெடுத்தவரிடம், சென்ற ஆண்டு தம் மகளுக்காக வேறொருவர் இவ்வாறு அமர்ந்திருந்ததைச் சொன்னார்.

பழந்தமிழ் இலக்கணம் முல்லைத் திணையின் உரிப்பொருளை 'இருத்தல்' என்று கூறும். பிரிந்து சென்றவர் வரும்வரை மனைவி ஆற்றியிருப்பதே அது. 103 அடிகளையுடைய முல்லைப்பாட்டு, பாசறையில் உள்ள அரசனையும் அரண்மனையில் காத்திருக்கும் அரசியையும் ஒருங்கே காட்டுகிறது. போரைப் பாட வந்த புலவர் வீட்டையும் பாடினார் என்பது எண்ணத்தக்கது. இருத்தல் என்பது வெறுமனே அமர்ந்திருத்தல் என்று நாம் பொருள் கொள்ளலாகாது. அம்பாலாவின் அந்த வரிசை வீடுகளில், இருத்தல் என்பது மாவு அரைப்பதும், கணக்கு கற்பிப்பதும், முடிவெடுப்பதும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகக் கண்விழிப்பதும் ஆகும்.

பிப்ரவரியில் ஓர் அஞ்சல் உறை வந்தது. அனுப்புநர் முகவரியில் ஊர்ப்பெயர் இல்லை. படையெண்ணும் பிரிவும், 56 ஏ.பி.ஓ. என்னும் இராணுவ அஞ்சல் நிலையக் குறிப்பும் மட்டுமே இருந்தன. உறை மகன் பெயருக்கு வந்திருந்தது. உள்ளே ஒரு பக்கக் கடிதம், முழுவதும் தமிழில். மகன் அதைத் தாயிடம் நீட்டி, "படிச்சுச் சொல்லும்மா" என்றான். தாய் அடுப்பைக் கவனித்தபடியே, "உனக்குத்தானே எழுதியிருக்காரு?" என்றார்.

அவன் நாட்காட்டித் தாள்களின் கட்டை எடுத்துவந்து அருகில் வைத்துக்கொண்டான். முதல் வரியைப் படிக்க வெகுநேரம் ஆயிற்று. 'ழ'கரத்தில் நின்றான்; 'ணை' எது, 'னை' எது எனத் தாள்களைப் புரட்டினான். இரவு உணவு ஆறியது, தாய் அழைக்கவில்லை. ஒரு பக்கத்தைப் படித்து முடித்தபோது மணி ஒன்பதைக் கடந்திருந்தது. "அங்க பனி முட்டி வரைக்கும் இருக்காம்மா. அப்பா என்னைய பதில் எழுதச் சொல்லியிருக்காரு" என்றான். பின்பு அன்றைய தாளைத் தானே கிழித்து, பின்புறத்தைத் திருப்பி, "அன்புள்ள" என்பதற்கு எந்த 'ள' வரும் என்று கேட்டான்.