ஜாம் போத்தல் விளக்கு

1990 ஜூனில் அரச படைகளுக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. அரசின் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், உரம் என்று பட்டியல் நீளம். மண்ணெண்ணெய் யானை விலை.

விளக்கைப் பற்றி முதலில் எழுதவேண்டும். வெறும் ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் நூல்திரியைக் கோத்து, கம்பியில் மாட்டி, உள்ளே இறக்கிவிடுவார்கள். சுடர் கண்ணாடிக்குள்ளேயே நிற்கும், லேசில் காற்றுக்கு நூராது. எண்ணெயும் மிச்சம். ஓ.எல்., ஏ.எல். பிள்ளைகள் இதைச் சுற்றி இருந்துதான் படித்தார்கள். விடிந்து மூக்கைச் சிந்தினால் கரி வரும்.

சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். வாசத்துக்கு மாடு வந்து கொடியில் கிடந்த சட்டையைச் சப்பும்.

சீனி இல்லாத தேத்தண்ணிக்குப் பனங்கட்டி. அது வரும் ஓலைக் குட்டானைப் பிரித்து ஆளுக்கொரு துண்டு. ஒரு கடி, இரண்டு மிடறு. வீட்டுக்கு வந்தவருக்குப் பெரிய துண்டு. அந்த வழக்கத்தைத் தடை ஒன்றும் செய்யவில்லை.

ரேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றவேண்டும். பி.பி.சி. தமிழோசைக்கும் வெரித்தாஸ் வானொலிக்கும் அயல் சனம் வந்து முற்றத்தில் குந்தும். செய்தி முடிந்தால் கசெட். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் பாட்டு இழுபடும். "விடாமல் சுத்தடா தம்பி, சரணம் வருகுது!" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா சத்தம் போடுவா. களைத்தவன் எழும்ப, கேளாமலே அடுத்தவன் போய் இருப்பான். எனக்கு இந்தக் கைமாற்றம்தான் பாட்டைவிடப் பெரிதாகப் படுகிறது.

"அந்தக் காலம் எவ்வளவு நல்லம்" என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். மருந்து வராமல் செத்தவர்கள் உண்டு. குடாநாட்டைவிட்டு வெளியேறக் கிளாலிக் கடலில் இரவுப் படகேறி, கரை காணாமல் போனவர்கள் உண்டு. பனங்கட்டி இனித்தது என்பதற்காகத் தடையை யாரும் மன்னிக்கத் தேவையில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்கு நடந்தது. தூக்க முடிந்ததைத் தூக்கினார்கள். போத்தல் விளக்கை யார் காவுவார்?

அதைச் செய்த கைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. கம்பியை எப்படி வளைத்தார்கள், எண்ணெய் எவ்வளவு விட்டார்கள் என்று கேளுங்கள். படம் கீறி, சொன்னவர் பெயரோடு எழுதிவையுங்கள். இந்த வருடமே செய்யுங்கள்.