டிஸ்கஸும் ஜிலேபியும்

சென்னையில் மகன் வீட்டில் புதிதாக ஒரு மீன் தொட்டி. அதில் தட்டு மாதிரி வட்டமாக நான்கு மீன்கள். "கொளத்தூர்ல வாங்கினது தாத்தா. டிஸ்கஸ். அமேசான் மீன்" என்றான் பேரன்.

1840-ல் ஹெக்கல் என்ற ஆஸ்திரியர் இதற்கு சிம்பைசோடான் டிஸ்கஸ் என்று பெயர் வைத்தாராம். கடையில் சொல்லும் டர்க்காய்ஸ், பிஜன் பிளட் எல்லாம் தனி இனங்கள் இல்லை. வளர்ப்பவர்கள் உண்டாக்கிய ரகங்கள். நம் பொன்னியும் சீரகச் சம்பாவும் ஒரே நெல்லினம் என்பதுபோல.

குடும்பப் பெயர் சிக்லிட். நம் குடமுருட்டியில் கிடைக்கும் ஜிலேபியும் அதே குடும்பம்தான். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். டிஸ்கஸில் தாயும் தகப்பனும் தங்கள் தோலில் சுரப்பதையே குஞ்சுகளுக்கு ஊட்டும். ஜிலேபித் தாயோ முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் இரை எடுக்காது.

பேரன் சொல்லச் சொல்ல எனக்கு அம்மா ஞாபகம். பாபநாசத்தில் விரால் வாங்க வழியில்லாத நாட்களில் ஜிலேபிக் குழம்புதான். சதையை எங்களுக்குப் பிட்டு வைத்துவிட்டு, தலையை மட்டும் அவள் எடுத்துக்கொள்வாள்.

"தலைதான்டா ருசி" என்பாள். அறுபது வருஷமாக அதை நம்பிக்கொண்டிருந்தேன்.