தள்ளுபடியில் கிடைத்த 2080 டிஐ

ஓவர்கிளாக் பண்றதுக்குன்னே கிராபிக்ஸ் கார்டு தேடுற ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு. உச்சத்துல இருக்கிற கார்டுதான் வேணும், ஆனா முழு விலை கொடுக்க மனசு வராது. எனக்கும் அந்த வியாதி இருந்தது. 2020 செப்டம்பர்ல அதுக்கு மருந்து கிடைச்ச மாதிரி ஒரு வாரம் வந்தது. அந்தக் கதைதான் இது.

செப்டம்பர் 1-ம் தேதி ராத்திரி. என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் தன் வீட்டு சமையலறையில் நின்றுகொண்டு ஆர்டிஎக்ஸ் 30 வரிசையை அறிவித்தார். 3070-ன் விலை 499 டாலர், வேகம் 2080 டிஐ-யை விட அதிகம் என்றார். 2018-ல் வந்தபோது 2080 டிஐ-யின் ஆரம்ப விலை 999 டாலர். என்விடியா தானே விற்ற மாடல் 1,199. இங்கே லட்சத்தை ஒட்டி விற்ற சரக்கு அது. பாதி விலைக்கு அதைவிட வேகமான கார்டு வருதுன்னா வெச்சிருக்கிறவன் என்ன செய்வான்? விடியறதுக்குள்ள விக்கக் கிளம்பிட்டான். உலகம் பூரா இதே கதைதான்.

என் கையில 40,000 இருந்தது. மூணு வருஷமா போனஸ்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கினது. ஊரடங்குன்னு சம்பளத்தை வேற குறைச்சிருந்தாங்க. தங்கமணி ஒரே வரியில முடிச்சுட்டாங்க: "வாங்குறதுன்னா வாங்குங்க. ஆனா அப்புறம் 'கொஞ்சம் கூடப் போட்டிருந்தா நல்லது வாங்கியிருக்கலாம்'னு ஆறு மாசம் புலம்பக் கூடாது."

ரெண்டு கார்டு வந்து மாட்டுச்சு. ஒண்ணு 35,000. ஒத்தை ஃபேன், ப்ளோயர் டைப், பெட்டி பில்லோட. இன்னொண்ணு 46,000. மூணு ஃபேன், தடியான ஹீட்சிங்க், ஒரு வருஷம் வாரண்டி பாக்கி. பேர் ரெண்டுக்கும் ஒண்ணுதான். 4352 கோர், 11 ஜிபி மெமரி, எல்லாம் ஒண்ணுதான். பதினோராயிரம் மிச்சமாச்சேன்னு யாருக்கும் கை முதல் கார்டுக்குத்தான் போகும். எனக்கும் போச்சு.

இங்கதான் ஒரு சூட்சுமம். 2080 டிஐ-யில் ரெண்டு ஜாதி சிப் உண்டு. டியு102-300 ஒண்ணு, கடைசியில் 'ஏ' சேர்ந்த டியு102-300ஏ இன்னொண்ணு. தயாரிக்கும்போதே தரம் பிரிச்சு, நல்லா ஓடுற சிப்புக்கு 'ஏ' போட்டாங்க. 'ஏ' இல்லாத சிப் வெச்ச கார்டை ஓவர்கிளாக் பண்ணி விற்க தயாரிப்பாளர்களுக்கு அனுமதி கிடையாது. நாம வாங்கிட்டு வந்து பண்ணலாம், தடுக்க ஆளில்லை. ஆனா மின்சார வரம்பு குறைவு. சாதாரண கார்டு 250 வாட்டில் ஆரம்பிச்சு 280-ல் நின்னுடும். என்விடியாவே விற்ற 'ஏ' கார்டு 260-ல் ஆரம்பிச்சு 320 வரைக்கும் போகும். ஓவர்கிளாக்ல அந்த 40 வாட்தான் எல்லாமே. கிளாக் ஸ்லைடரை எவ்வளவு தள்ளினாலும் மின்சாரம் வரம்பைத் தொட்டதும் கார்டு தானா வேகத்தைக் குறைச்சுக்கும். சரி, 'ஏ' கார்டோட பயாஸை இதுல ஏத்திடலாமேன்னா அதுவும் நடக்காது. சிப் அடையாளம் வேற, ஏத்துற மென்பொருளே ஒத்துக்காது.

இதைக் கண்டுபிடிக்க பெட்டியைப் பிரிக்க வேண்டாம். ஜிபியு-இசட் மென்பொருளில் அட்வான்ஸ்டு பக்கத்தில் அதிகபட்ச பவர் லிமிட் எவ்வளவுன்னு இருக்கும். ரெண்டு பேர்கிட்டயும் ஸ்கிரீன்ஷாட் கேட்டேன். முதல் கார்டு 280. ரெண்டாவது 320-க்கும் மேல. பதினோராயிரம் ஏன் குறைச்சல்னு புரிஞ்சுபோச்சு. அப்படியே ஓட்டுறவங்களுக்கு முதல் கார்டு நல்ல பேரம்தான். தள்ளிப் பார்க்கிறவனுக்கு அது தள்ளுபடியே இல்லை. அவனுக்கு வேண்டிய ஒரே சமாச்சாரத்தை எடுத்துட்டுத்தான் விலையைக் குறைச்சிருக்காங்க.

ரெண்டாவது கார்டு பல்லாவரத்துல ஒரு பையன்கிட்ட. இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசிருக்கும். மாஸ்க்கோட போய் நின்னேன். அவன் மெஷின்லயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினான். திரையில் புள்ளி, கோடு எதுவும் இல்லை. 2018-ல் முதலில் வந்த 2080 டிஐ-கள் சிலதில் கோளாறு இருந்ததை என்விடியாவே ஒத்துக்கிட்டது. அதனால அதை முக்கியமா பார்த்தேன். எல்லாம் சுத்தம்.

"ஏம்ப்பா விக்கிற?"

"வேலை போயிடுச்சுண்ணா. 3070 வந்துட்டா இதை யாரும் சீண்ட மாட்டாங்கன்னு ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்க."

அந்த இடத்துல நான் ஒரு வேலை செஞ்சேன். 2017-ல் மைனிங் காய்ச்சல்ல பழைய கார்டெல்லாம் எப்படி விலை ஏறுச்சுன்னு எனக்குத் தெரியும். புது கார்டு வந்த உடனே கடையில கிடைக்காதுங்கிறதும் தெரியும். சொல்லலை. "ஆமாப்பா, அடுத்த மாசம் முப்பதுக்குக் கூட கேக்க ஆள் இருக்காது"ன்னு சொன்னேன். 46-ஐ 42 ஆக்கினேன். கூட ரெண்டாயிரத்துக்கு தங்கமணி உதவி.

வந்ததும் ஆஃப்டர்பர்னரைப் போட்டு ஆரம்பிச்சாச்சு. முதல்ல பவர் லிமிட்டை முழுசா ஏத்தணும். அப்புறம் கோர் கிளாக்கை 15 மெகாஹெர்ட்ஸ் படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு டெஸ்ட். கடைசியில மெமரி. கோர் 105, மெமரி 700 வரைக்கும் நின்னுச்சு. அதுக்கு மேல போனா கேம் பாதியில படுத்துக்கும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ல் நொடிக்கு 72 ஃபிரேம் 77 ஆச்சு. நாலு ராத்திரி கண் முழிச்சதுக்கு அஞ்சு ஃபிரேம் :-)

அடுத்த மே மாசம் வேற பாடம். சென்னை வெயில்ல அறைக்குள்ளயே 36 டிகிரி. 320 வாட்னா மூணு நூறு வாட் குண்டு பல்பை மேஜைக்கடியில எரியவிட்ட மாதிரி. சூடு ஏற ஏற கார்டு தன் கிளாக்கைப் படிப்படியா இறக்கிக்கும். நான் தள்ளி வெச்ச 105-ல் பாதி சூட்டுலயே கரைஞ்சது. கடைசியில நேரெதிரா போனேன். வோல்ட்டேஜை 0.9-க்கு இறக்கி, 1,850 மெகாஹெர்ட்ஸ்ல கட்டிப்போட்டேன். எண்பது வாட்டுக்கு மேல மிச்சம், ஃபேன் சத்தம் பாதி, போன ஃபிரேம் ரெண்டோ மூணோ. ஓவர்கிளாக் பண்ண வாங்கின கார்டு இன்னிக்கும் அப்படித்தான் ஓடுது. ஆனா குறைஞ்ச வோல்ட்டேஜ்ல அவ்வளவு கிளாக் நின்னதுன்னா அதுவும் நல்ல சிப், நல்ல ஹீட்சிங்க் புண்ணியம்தான். கொடுத்த காசு வீண் போகலை.

இதுக்கு நடுவுல வெளியே நடந்ததுதான் கூத்து. செப்டம்பர் 17 விற்பனைக்கு வந்த 3080 சில நிமிஷத்துல காலி. 3070 வந்தும் அதே கதை. எத்தீரியம் மைனிங் சூடு பிடிச்சு, 2021 ஆரம்பத்துல பழைய 2080 டிஐ வெளிநாட்டுல ஆயிரம் டாலரைத் தாண்டிப் போச்சு.

அப்பத்தான் பல்லாவரம் பையன் ஃபோன் பண்ணினான்.

"அண்ணா, வேலை கிடைச்சிடுச்சு. எங்கயும் கார்டே கிடைக்கலை. நீங்க விக்கிற ஐடியா இருந்தா அம்பது தர்றேன்."

வித்தா எனக்கும் வேற கார்டு கிடைக்காது. இல்லப்பா, நான் விக்கலைன்னு சொன்னேன்.

"பரவாயில்லண்ணா. நல்லா ஓடுதுல்ல? அது போதும்."

அவன் விலையைப் பத்தி ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. அதுதான் உறுத்துது. அவன் 42-க்கு வித்ததுல தப்பில்லை, நான் வாங்கினதுலயும் தப்பில்லை. ஆனா அந்த நாலாயிரம் நான் பேரம் பேசி ஜெயிச்சது இல்லை. அவனோட பயத்தை ஊதிவிட்டு எடுத்தது.

அதனால தள்ளுபடியில கார்டு தேடுறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். எவ்வளவு குறைச்சல்னு பார்க்கிறதுக்கு முன்னாடி ஏன் குறைச்சல்னு பாருங்க. சிப் ஜாதியாலயா, கூலராலயா, வாரண்டி முடிஞ்சதாலயா? அப்படின்னா அது உங்களுக்குத் தேவையான்னு யோசிச்சுக்கலாம். விக்கிறவனோட பயம்தான் காரணம்னா, உங்களுக்குத் தெரிஞ்சதை அவனுக்கும் சொல்லிட்டு, அப்புறம் பேரம் பேசுங்க. கார்டு கை மாறிப் போகலாம். போகட்டுமே.

பி.கு.: 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் மைனிங்கையே கைவிட்டப்புறம் விலை சரிஞ்சது. அந்த வாரம் நானே அவனுக்கு ஃபோன் பண்ணி, "இப்போ அவசரப்பட்டு வாங்காதே, இன்னும் இறங்கும்"னு சொன்னேன். "தேங்க்ஸ்ணா"ன்னான். நாலாயிரத்துக்கு அது ஈடாகுமான்னு கேட்டா, ஆகாது.