அமானிதமும் அரணும்

அரணின் பெருமைகளை அடுக்கிக் கூறும் வள்ளுவப் பெருந்தகை, அவ்வதிகாரத்தின் இறுதியில் ஓர் எச்சரிக்கையும் விடுக்கிறார். எத்துணை மாட்சியுடைய அரணாயினும், உள்ளிருப்போர் செயல்திறன் அற்றவராயின் அது பயன்படாது என்பதே அது. வகுப்பறையில் பலமுறை விளக்கிய இவ்வுண்மையை நான் உணர்ந்தது என் வீட்டுக் கணினியின் முன்னால்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலைப் பகுதி ஊர்களில் மலையாளிப் பழங்குடியினரின் பாடல்களைச் சில ஆண்டுகள் ஒலிப்பதிவு செய்துவந்தேன். காஞ்சியிலிருந்து வந்து மலையில் குடியேறிய தம் முன்னோர் கதையைப் பாடிய மூதாட்டி ஒருவர், "பத்திரமா வச்சுக்க சாமி" என்றார். எங்கள் வழக்கில் அதற்குப் பெயர் அமானிதம். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள்.

பழைய கணினியொன்றில் லினக்ஸ் இயக்குதளத்தை நிறுவி, அதையே வீட்டு வழங்கியாக்கி, அப்பதிவுகளைச் சேமித்தேன். கல்லூரியிலிருந்தும் கேட்க வேண்டும் என்னும் ஆவலில், தொலைவிலிருந்து கணினியுள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்குரிய 22ஆம் எண் வாயிலை ரவுட்டரில் உலகுக்கே திறந்துவைத்தேன். கடவுச்சொல்லோ எளியது. லினக்ஸுக்குத் தீங்கு நேராது என்ற மிதப்பு வேறு. ஒருநாள் கணினி ஓயாமல் சூடேறி இரைந்தது. பதிவேட்டைப் பார்த்தால், முன்பின் அறியாத முகவரிகளிலிருந்து கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றுள் ஒன்று வென்றிருந்தது. யாரோ ஒருவர் கிரிப்டோ நாணயம் ஈட்ட என் கணினியை உழைக்க வைத்திருந்தார்.

புகுந்தவர் எதையெதை மாற்றினார் என்று அறியவியலாத இயக்குதளத்தை நம்புதல் கூடாது. ஆகவே அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவினேன். அந்தப் பதற்றத்தில், வேறு வட்டில் படியெடுக்காதிருந்த மூன்று பாடல்களும் உடன் அழிந்தன. மீண்டும் மலையேறியபோது அம்மூதாட்டி மறைந்திருந்தார். தவறு முழுவதும் என்னுடையதே.

மலையடிவாரத்துக் கோமுகி அணையை எண்ணிப் பாருங்கள். கரை நீரைத் தடுத்து நிறுத்துகிறது. பாசனத்துக்கு வேண்டிய மதகு மட்டுமே திறக்கப்படுகிறது. தீயரணின் விதியும் அதுவே. உபுண்டு லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ என்னும் கருவியைக் கொண்டு, உள்வரும் தொடர்பு யாவற்றையும் மறுத்து, வெளிச்செல்வதை அனுமதித்தேன். வீட்டு வலையமைப்பிலிருந்து 22ஆம் வாயிலுக்கு வருவதற்கு மட்டும் இசைவளித்தேன். இவ்விசைவை எழுதிய பின்னரே தீயரணை இயக்க வேண்டும். முறை மாறினால், வேறு கணினியிலிருந்து பணிசெய்பவர் தம் வீட்டுக்குத் தாமே வெளியே நிற்க நேரும். ரவுட்டரில் திறந்ததை அடைத்தேன். கல்லூரியிலிருந்து கேட்கும் வசதியைத் துறந்தேன். கடவுச்சொல்லால் நுழையும் வழியை நீக்கி, எஸ்எஸ்ஹெச் திறவுகோல் முறையை ஏற்றேன்.

ஆயினும், திறக்கும் மதகிலேயே விரிசல் இருப்பின் கரை என்ன செய்யும்? அதற்கே புதுப்பித்தல். 2017 மே 12 அன்று உலகெங்கும் கணினிகளை முடக்கத் தொடங்கிய வானாக்ரை, விண்டோஸின் குறையொன்றைப் பற்றிப் பரவியது. அதற்கான திருத்தமோ மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தது. அதை நிறுவாத சோம்பலுக்கு மருத்துவமனைகளும் விலை கொடுத்தன. லினக்ஸும் விதிவிலக்கன்று. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே நிறுவும் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' ஏற்பாட்டை இயக்கிவைத்தேன். கெர்னல் புதுப்பிக்கப்பட்டால், பொதுவாக மறுதொடக்கம் செய்த பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்பதையும் கற்றேன்.

இப்போது வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் பதிவேட்டைப் பார்வையிடுகிறேன். பாடல்களை வெளிவட்டில் படியெடுத்து, வட்டைக் கழற்றி வைக்கிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமலே நம்புவதா என வினவியவருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அளித்த விடையை மாணவர்க்கு எடுத்துரைத்தவன் நான். அவ்விடை எனக்கும் உரியது என்பதை, இழந்த அம்மூன்று பாடல்களே வாரந்தோறும் நினைவூட்டுகின்றன.