கறுப்பு நாய்க்கு ஒரு படம்

விண்ணப்பத் தாள்களில் ஒட்டிய படங்களைப் பார்த்தே என் உத்தியோக காலம் முழுவதும் போனது. அந்தப் படங்களில் வெளிச்சம் நேரே முகத்தில் விழும், நிழல் இருக்காது. ஆள் இன்னார் என்று தெரிய அது போதும். அவர் எப்படிப்பட்டவர் என்பது அதில் தெரியாது. எங்கள் வீட்டு நாயைப் படமெடுக்க உட்கார்ந்தபோதுதான் இந்த வித்தியாசம் எனக்கு நன்றாக விளங்கியது.

நாயின் பெயர் மினுய். பிரெஞ்சில் நள்ளிரவு என்று அர்த்தம். அவ்வளவு கறுப்பு. பெயர் வைத்த என் மகள் இப்போது பாரீசில் குடும்பமாக இருக்கிறாள். தெருப் பிள்ளைகளுக்கு அது வெறும் 'மினி'. வயது 13 ஆகிறது. வாயோரம் நரைத்துவிட்டது, மாடிப்படி ஏறுவதில்லை. "அடுத்த லீவு வரைக்கும் இருக்குமாப்பா?" என்று மகள் போனில் கேட்டாள். "நல்லதா ஒரு படம் எடுத்து அனுப்புறேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அதுவரை வீட்டில் போனில் எடுத்த படங்களில் ஒரு கறுப்பு மூட்டையும் அதில் இரண்டு பச்சை விளக்குகளும்தான் இருக்கும். நாயின் விழிக்குள் பின்பக்கம் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. இருட்டில் பார்க்க உதவுவது அதுதான். அது வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஃப்ளாஷ் லென்சுக்குப் பக்கத்திலேயே இருந்தால், திரும்பிய ஒளி நேரே லென்சுக்குள் வந்து விழும்.

எங்கள் தெருவில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த நண்பர், "ஐயா, ஃப்ளாஷைக் கேமரா தலையிலேருந்து இறக்குங்க" என்றார். தன் பழைய ஃப்ளாஷ், ஸ்டாண்டு, வெள்ளைக் குடை மூன்றையும் கொடுத்தார். ட்ரிக்கர் மட்டும் நான் வாங்கினேன். அதில் ஒரு துண்டு கேமராவில் உட்காரும், மற்றொன்று ஃப்ளாஷின் அடியில். பொத்தானை அழுத்தினால் ஒயர் இல்லாமலே தூரத்தில் மின்னும்.

கறுப்பு முடியை எவ்வளவு வெளிச்சம் போட்டும் வெளுப்பாகக் காட்ட முடியாது, பளபளப்பால்தான் காட்ட முடியும். எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் சிலையைப் பக்கத்து விளக்கொளியில் பார்த்திருப்பீர்கள். மூக்கும் கன்னமும் தனித்தனியே எழுந்து நிற்கும். அதே போலக் குடையை நாயின் இடப்பக்கம், தலைக்குச் சற்று மேலே, சாய்வாக நிறுத்தினேன்.

அடுத்தது தூரம். பள்ளியில் எங்கள் பௌதிக ஆசிரியர் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, "லேன்வேர்ஸ் த்யு கார்ரே த லா திஸ்தான்ஸ்" என்று எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. பரீட்சைக்குப் பிறகு அந்தச் சூத்திரத்துக்கு வேலையே வரவில்லை. இப்போது வந்தது. குடை 4 அடியில் இருந்தபோது ஃப்ளாஷுக்கு 1/8 சக்தி தேவைப்பட்டது. 2 அடிக்குக் கொண்டுவந்ததும் 1/32 போதுமானதாக இருந்தது. கிட்டே வந்த குடை நாய்க்குப் பெரிதாகிறது, அதனால் நிழலும் மென்மையாகிறது. ஆனால் பின்சுவர் தள்ளியிருந்தால் அது இருண்டுபோய், கறுப்பு நாய் அதில் கரைந்துவிடும். ஆகவே தாழ்வாரத்தில் மஞ்சள் சுவரை ஒட்டியே உட்காரவைத்தேன்.

ஷட்டர் வேகம் 1/160. என் கேமராவில் 1/200ஐத் தாண்டினால் ஷட்டரின் திரை பாதி மூடியிருக்கும்போதே ஃப்ளாஷ் மின்னி, படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

இத்தனைக்கும் மேலே நாய் சம்மதிக்க வேண்டும். முதல் மூன்று நாள் படமே எடுக்கவில்லை. ஃப்ளாஷைக் குறைந்த சக்தியில் சுவர்ப்பக்கம் திருப்பி மின்னவிட்டு, உடனே ஒரு துண்டு பிஸ்கோத்து. நான்காம் நாள் ஸ்டாண்டைத் தூக்கியதுமே மினுய் தானாக வந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டது. என் மனைவி பின்னால் நின்று பாத்திரத்தைத் தட்டினாள். காது நிமிர்ந்தது. ஆறு படம் எடுத்தேன், ஐந்தாவது அமைந்தது.

நரைத்த முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. நெற்றியில் பழைய தழும்பு தெரிந்தது. மகள் படத்தைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"வலது கண்ணுல பூ விழுந்திருக்காப்பா?"

"ஆமாம்மா, போன வருஷத்திலேருந்து."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "லீவு வரைக்கும் காத்திருக்கல. அடுத்த மாசமே வரேன்" என்றாள்.

உங்கள் வீட்டிலும் வயதான நாயோ பூனையோ இருந்தால் தள்ளிப்போடாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஃப்ளாஷ் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். காலை பத்து மணிக்கு, வெயில் நேராக விழாத ஒரு ஜன்னலருகே பக்கவாட்டில் உட்காரவையுங்கள். ஜன்னலும் கேமராவை விட்டுத் தள்ளி நிற்கும் விளக்குதானே.