மே மாதத்துப் பச்சைக் கோடு

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் இன்னும் பாடம் நடத்துவதை விடவில்லை என்று சிரிக்காமல் படியுங்கள்.

வேடசந்தூர் பக்கம் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரைத் தம்பிதான் பார்க்கிறான். இரண்டு போர் போட்டான், இரண்டிலும் புகைதான் வந்தது. இரண்டாவது ஆயிரம் அடி. போன மே மாதம் மூன்றாவது போருக்காகத் தன் மனைவியின் வளையல்களைத் திண்டுக்கல்லில் அடகு வைக்க வந்தவன், வழியில் என் வீட்டில் காபி குடிக்க உட்கார்ந்தான். "நீரோட்டம் பார்த்தாச்சுக்கா. தேங்காய் கையில நிமிர்ந்து நின்னுச்சு" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம் முன்புதான், கோவையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி (பெயரைப் போடாதீங்க டீச்சர் என்று சொல்லிவிட்டாள்) செயற்கைக்கோள் படங்களைப் போனில் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தாள். எல்லாம் இலவசம். "கொஞ்சம் இருடா" என்று போனை எடுத்தேன்.

1988 மார்ச்சில் நம் ஐ.ஆர்.எஸ்.-1ஏ பைக்கனூரிலிருந்து சோவியத் ராக்கெட்டில் போனதை வகுப்பில் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! ஆனால் அதன் ஒரு கேமராவில் ஒரு புள்ளி 72.5 மீட்டர். ஒன்றேகால் ஏக்கருக்கு மேல் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். இப்போது ஐரோப்பியர்களின் சென்டினல்-2 எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். எங்கள் மூன்று ஏக்கர் அதில் நூற்றிருபது புள்ளி. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் எங்கே எவ்வளவு பச்சை என்று கணக்கிடுகிறார்கள். தண்ணீரோ அகச்சிவப்பை விழுங்கிவிடும், அதனால் குளம் கருப்பாகத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துக்கொள்ளும். மேகத்தை ஊடுருவ ராடார் செயற்கைக்கோள் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்த ராடார் படங்களை வைத்துத்தான் நெல் பரப்பையும் விளைச்சலையும் மதிப்பிடுகிறது. பயிர்க் காப்பீட்டுக்கும் அது பயன்பட்டிருக்கிறது. எனக்கு அவ்வளவு வித்தை தெரியாது. வானம் வெளுத்த ஜனவரி படங்களை மட்டும் வருஷவாரியாகத் திறந்தேன்.

2017 ஜனவரி. தமிழ்நாடு முழுவதையும் வறட்சி என்று அறிவித்த மாதம். எங்கள் குளமும் வறண்டிருந்தது, மேலே இருக்கும் பக்கத்து ஊர்க் குளமும் வறண்டிருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. 2022 ஜனவரியைத் திறந்ததும் தம்பி போனைப் பிடுங்கிக்கொண்டான். அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும். மேல் குளம் கரை தொட்டுக் கருப்பாக நின்றது. எங்கள் குளத்தில் உள்ளங்கை அளவு தண்ணீர்.

மேல் ஊர்க்காரர்கள் தண்ணீர் விடுவதில்லை என்று அப்பா காலத்திலிருந்து சண்டை. பெண் எடுப்பது கொடுப்பதுகூட நின்றுபோனது. ஆனால் குளம் நிறைந்தால் மறுகால் போயே தீரும். போன தண்ணீர் எங்கே?

மே மாதப் படத்தைத் திறந்தேன். நாலாபுறமும் காய்ந்த பழுப்பு. இரண்டு குளத்துக்கும் நடுவில் மட்டும் பளிச்சென்று ஒரு பச்சைக் கோடு. "யாரோ வாய்க்கால் ஓரம் நல்லா வெள்ளாமை பண்றாங்கடா" என்றேன், பெரிய நிபுணர் மாதிரி. அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அக்கா, அது வெள்ளாமை இல்ல, சீமைக்கருவேல். நம்ம வரத்து வாய்க்காலே அதுதான்."

செயற்கைக்கோளுக்குப் பச்சை என்றால் பச்சை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் இருவரும் அந்தக் கோட்டின் மேலேயே நடந்தோம். முள் கிழித்து என் புடவை போனது தனிக் கதை. பாதி வழியில் மண் மேவி, கரை உடைந்து, தண்ணீர் பக்கத்து ஓடையில் இறங்கிக் குடகனாற்றுப் பக்கம் போன தடம் கிடந்தது. அதற்கும் கீழே ஓரிடத்தில் வாய்க்காலே இல்லை. உழுது சமமாக்கி மக்காச்சோளம் போட்ட தட்டை நின்றது.

அந்த வயல் யாருடையது என்று இதைப் படிக்கும் உறவுகளுக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். அந்த வீட்டில் நானும் சோறு தின்று வளர்ந்தவள். படத்தை வைத்து அங்கே வாய்க்கால் இருந்தது என்று நான் வழக்காடவும் முடியாது. வாய்க்கால் அகலமே நாலு மீட்டர் இருக்கும், படத்தின் ஒரு புள்ளி பத்து மீட்டர். அதற்குப் புலப்படம் வேண்டும், சர்வேயர் வந்து சங்கிலி பிடிக்க வேண்டும். மனு கொடுத்திருக்கிறோம். அளக்க வரும் நாளில் அந்த வீட்டுப் பெரியவர்களும் பத்திரத்தோடு வந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போன் பண்ணினால் எடுப்பதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கருவேலை வேரோடு எடுக்க ஜேசிபி செலவில் பாதி தருவதாக மேல் ஊரில் இருவர் சொல்லியிருக்கிறார்கள். என் மாணவர்கள்தான், 1996 செட்.

வளையல்கள் இப்போது என் பீரோவில் இருக்கின்றன. "தை வரைக்கும் பார்ப்பேன்க்கா. தண்ணி வரலைன்னா போர்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.